மண்ணுக்குள் மறையும் முதல் தவணை

வீட்டுக்கடன் பெற்ற வாசகர் ஒருவர் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பணியின் பொருட்டுக் கொல்கத்தாவில் குடியேறிய தமிழர். நகரின் கிழக்கே நியூ டவுன் பகுதியில் எழவிருக்கும் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு பதிவு செய்திருக்கிறார். கட்டுமான நிறுவனத்திடமிருந்து அவருக்கு வந்த தாளில் இருந்தது ஒரே வரி: பைலிங் பணி நிறைவுற்றது, உரிய தவணையை விடுவிக்க வங்கிக்கு ஒப்புதல் தருக. அவர் மனையைப் போய்ப் பார்த்திருக்கிறார். சேறும், சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த துருவேறிய கம்பிகளும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. “பல இலட்சம் ரூபாயை விடுவிக்கச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து நான் கையெழுத்திடுவது?” என்று கேட்டிருந்தார்.

கேள்வி நியாயமானது. கட்டி முடிக்கப்படாத வீட்டுக்குக் கடன்தொகையை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாது, வேலை எந்தக் கட்டத்தை எட்டியிருக்கிறதோ அதற்கு ஏற்பவே விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கடன் வாங்குபவருக்கு அது பெரிய பாதுகாப்பு. தளம் போட்டால் தளத்தைப் பார்க்கலாம். சுவர் எழுப்பினால் தட்டிப் பார்க்கலாம். ஆனால் முதற்கட்ட வேலை மட்டும் முடிந்த கணமே மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. அதைப் பார்த்தவர்கள் அன்று அங்கே நின்றவர்கள் மட்டுமே. அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அறிய, கொல்கத்தாவில் பைலிங் நடக்கும் வேறொரு மனைக்குச் சென்று இரண்டு பகலும் ஓர் இரவும் தங்கினோம்.

கொல்கத்தாவின் மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அந்நகரம் கங்கையின் வண்டல் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே சில மீட்டர், வெயிலில் காய்ந்து சற்று இறுகிய களிமண். அதன் கீழே ஏறத்தாழ 12 முதல் 15 மீட்டர் ஆழம் வரை சாம்பல் நிறத்தில் மெத்தென்ற களிமண். அதில் மட்கிய மரத்துண்டுகள் கூட அகப்படும். அதற்கும் கீழேதான் சுண்ணாம்புக் கணுக்கள் கலந்த கெட்டிக் களிமண்ணும், இன்னும் ஆழத்தில் இறுகிய மணலும் வருகின்றன. மண் ஆய்வில் 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிட்டு, ஒரு குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுவார்கள். மெத்தென்ற அந்த அடுக்கில் இரண்டு மூன்று அடியிலேயே குழாய் இறங்கிவிடும். அங்கே பதினான்கு மாடியைச் சாதாரண அடித்தளத்தின் மேல் நிறுத்தினால் கட்டடம் ஆண்டுக்காண்டு அமிழும். அதுவும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமிழும்.

ஆகவே மெத்தென்ற மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழேயுள்ள கெட்டி மண் வரை தூண்களை இறக்குகிறார்கள். இந்த நிலத்தூண்களைத்தான் பைல் என்கிறோம். முன்கூட்டியே வார்த்த தூணை அடித்து இறக்குவது ஒரு முறை. அதன் அதிர்ச்சியை அக்கம்பக்கத்துப் பழைய வீடுகள் தாங்குவது கடினம். ஆகையால் நகரங்களில் மண்ணைத் துளைத்து எடுத்து, அந்தத் துளையிலேயே கம்பிக்கூட்டை இறக்கி, கான்கிரீட்டை வார்த்துவிடும் முறையே பெரிதும் நிலைபெற்றிருக்கிறது. இதற்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2911, அதன் முதல் பாகத்தின் இரண்டாம் பிரிவு இம்முறைக்கென்றே எழுதப்பட்டது.

நாங்கள் சென்ற மனையில் ஒவ்வொரு பைலும் 600 மில்லிமீட்டர் விட்டம், 25 மீட்டர் ஆழம். எட்டு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக மண்ணுக்குள் நுழைத்தது போன்ற ஆழம். துளையிடும் இயந்திரம் வாளி வாளியாக மண்ணை அள்ளி மேலே கொண்டுவந்து கொட்டியது. சிறிய மனைகளில் இன்றும் முக்காலியும் வின்ச்சும் கொண்டு பல மணி நேரம் இடித்து இடித்துத் துளைப்பதைக் காணலாம்.

25 மீட்டர் ஆழத் துளை, அதிலும் சேறு போன்ற மண்ணில், எப்படி இடிந்து விழாமல் நிற்கிறது? மேலே சில மீட்டருக்கு இரும்பு உறைக்குழாய் தாங்குகிறது. அதன் கீழே தாங்குவது வெறும் கரைசல். பென்டோனைட் என்னும் ஒருவகைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்து, துளை முழுவதும் நிரப்புகிறார்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில் இது நிறையக் கிடைக்கிறது. கரைசல் நீரைவிடச் சற்றே கனமானது. துளைக்குள் அதன் மட்டத்தை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே வைத்திருப்பதால், அது எப்போதும் துளைச்சுவரை வெளிப்புறமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. சுவரின் மேல் மெல்லிய ஆடையாகவும் படிகிறது. கரைசலின் மட்டம் இறங்கிவிட்டால் சுவர் சரியத் தொடங்கும். அதனால் இயந்திரத்தை இயக்குபவரைவிடக் கரைசலின் மட்டத்தைக் கவனித்துக்கொண்டு நிற்கும் தொழிலாளியின் வேலையே முக்கியமானது என்று எங்களுக்குத் தோன்றியது. அவர் பகல் முழுவதும் அங்கிருந்து நகரவே இல்லை.

துளை முடிந்ததும் அடியில் கசடு தங்கும். பைலின் சுமையில் ஒரு பகுதியை அடிமுனை தாங்க வேண்டும். அங்கே ஒரு முழம் சேறு கிடந்தால் தாங்க இருப்பது சேறுதான். எனவே கம்பிக்கூட்டை இறக்கிய பின் புதிய கரைசலை அடிவரை செலுத்தி, கசடு கலந்த பழைய கரைசலை மேலே தள்ளி வெளியேற்றுகிறார்கள். எவ்வளவு நேரம் அலச வேண்டும் என்பதைக் கடிகாரம் சொல்லாது. அடியிலிருந்து எடுத்த கரைசலின் அடர்த்தியைச் சோதித்துத்தான் நிறுத்த வேண்டும். அவசரக்காரர்கள் முதலில் சுருக்கும் வேலை இதுவே என்றார் பொறுப்பிலிருந்த பெண் பொறியாளர்.

அடுத்தது கான்கிரீட். கரைசல் நிறைந்த துளைக்குள் கான்கிரீட்டை மேலிருந்து கொட்டினால் சிமெண்ட் கரைந்து போகும். ஜல்லி தனியே கீழே சென்று விழும். எனவே ட்ரெமி எனப்படும் நீண்ட இரும்புக் குழாயை அடிவரை இறக்கி, தலையிலுள்ள புனல் வழியே கான்கிரீட்டை ஊற்றுகிறார்கள். அது குழாயின் அடியிலிருந்து வெளியேறி, தன்னைவிட இலேசான கரைசலை மேலே தள்ளிக்கொண்டு உயர்கிறது. குழாயின் வாய் எப்போதும் ஏற்கெனவே ஊற்றிய கான்கிரீட்டுக்குள் புதைந்தே இருக்க வேண்டும். இந்த முறையின் உயிர் அதுதான். கரைசலைத் தொடுவது முதலில் ஊற்றிய கான்கிரீட்டின் மேற்பரப்பு மட்டுமே. பின்னால் வருவதெல்லாம் அதற்குள்ளிருந்தே வளர்கிறது. கடைசியில் சேறு கலந்த அந்த மேற்பகுதி பைல் முடிய வேண்டிய மட்டத்துக்கும் மேலே வந்து நிற்கும். இறுகிய பின் அதை உடைத்து எறிந்துவிடுவார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள், வார்த்த தூணின் தலையை ஏன் உடைக்கிறார்கள் என்று பதறுவதுண்டு. உடைக்காமல் விட்டால்தான் பதற வேண்டும்.

இந்தக் கான்கிரீட் கட்டியாக இருந்தால் குழாயில் இறங்காது. 30 சென்டிமீட்டர் உயரக் கூம்பில் நிரப்பி, கூம்பை மேலே உருவியதும் கலவை 15 முதல் 18 சென்டிமீட்டர் வரை சரிந்து அமர வேண்டும். சிமெண்ட் ஒரு கன மீட்டருக்கு 400 கிலோவுக்குக் குறையக் கூடாது. வண்டி வந்ததும் இச்சோதனையைச் செய்து, எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே புனலைத் திறந்தார்கள்.

இங்கே வங்கி வாடிக்கையாளர் யாரும் போடக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒரு மீட்டர் நிரம்ப 0.28 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். 25 மீட்டருக்கு ஏறத்தாழ 7 கன மீட்டர். துளைச்சுவர் வழவழப்பாக இருப்பதில்லை, தலையில் உடைத்தெறியும் பகுதியும் உண்டு. எனவே இதைவிடச் சற்றுக் கூடுதலாகச் செல்வது இயல்பு. மிகவும் கூடுதலாகச் சென்றால் உள்ளே எங்கோ சுவர் சரிந்து குழி விழுந்திருக்கிறது. குறைவாகச் சென்றால் அது இன்னும் மோசம். தூண் எங்கோ ஓரிடத்தில் இடுப்பு சிறுத்து நிற்கிறது அல்லது மண் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறை ஊற்றிய பின்னும் முனையில் எடை கட்டிய அளவு நாடாவை இறக்கிக் கான்கிரீட் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். உள்ளே சென்ற அளவும் உயர்ந்த உயரமும் பொருந்த வேண்டும். வரவும் இருப்பும் ஒத்துப்போவதைச் சரிபார்க்கும் நம் வங்கிக் கணக்கு போன்றதே இது.

நாங்கள் தங்கிய இரவில் இந்தக் கணக்கு பொருந்தாமல் போனது.

கான்கிரீட் வண்டிகள் இரவில்தான் தடையின்றி வரும் என்பதால் பத்து மணிக்கு மேல் ஊற்றத் தொடங்கினார்கள். முதல் வண்டியின் 6 கன மீட்டரும் தடங்கலின்றி இறங்கின. நாடாவை விட்டுப் பார்த்தபோது கான்கிரீட்டின் மேற்பரப்பு தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் இருந்தது. எதிர்பார்த்ததை ஒட்டிய எண்தான். மீதிக்கு இரண்டாவது வண்டி வர வேண்டும். அது வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மாற்று வண்டி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை குழாய் இறுகிவிடாமலிருக்க அதைச் சிறிது மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருந்தார்கள். வண்டி வந்து ஊற்றியபோது கான்கிரீட் குழாயில் இறங்க மறுத்தது. அடைப்பை எடுக்கக் குழாயை உயர்த்தினார்கள். சற்று அதிகமாகவே உயர்த்திவிட்டார்கள். குழாயின் மேல் போட்டிருந்த அளவுக்குறிகளைப் பார்த்ததும் அங்கிருந்த அனைவருக்கும் விளங்கிவிட்டது. குழாயின் வாய் கான்கிரீட்டை விட்டு வெளியே வந்து, கரைசலுக்குள் நின்றது.

குழாயை மறுபடி உள்ளே செருகி, மீதியை ஊற்றி முடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் காலையில் அந்தப் பைல் மற்றவற்றிலிருந்து எவ்விதத்திலும் வேறுபட்டுத் தெரியாது. அதே வட்டம், அதே கம்பிகள். உள்ளே 5 மீட்டர் ஆழத்தில் மட்டும் பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவே சேற்றுப் படலம் ஒன்று கிடக்கும். தூண் ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. அப்போது மணி ஒன்றைக் கடந்திருந்தது. மேற்பார்வைக்கு வேறு யாரும் இல்லை. எங்களைப் போன்ற விருந்தினருக்கு நடந்தது இன்னதென்று தாமாகத் தெரிந்திருக்கவும் வழியில்லை. பொறியாளர் குழாயை முழுவதும் உருவச் சொன்னார். துளையை நிரப்பி மூடச் சொல்லிவிட்டு, கொள்கலன் அறைக்குச் சென்று பைல் பதிவேட்டைத் திறந்து எழுதினார்: தொடங்கிய நேரம், நின்ற நேரம், காத்திருந்த நிமிடங்கள், குழாய் வெளிவந்த ஆழம், நிராகரிக்கப்பட்டது.

அந்த ஒரு சொல்லின் விலையை மறுநாள் விசாரித்தோம். வடிவமைப்புப் பொறியாளர் கணக்கை மறுபடி போட வேண்டும். இழந்த பைலுக்கு ஈடாக இருபுறமும் இரண்டு புதியவை. அவற்றைச் சேர்த்துக்கட்ட, பைல்களின் தலைமேல் அமரும் தடித்த கான்கிரீட் பாளத்தையும் அகலப்படுத்த வேண்டும். செலவு ஒப்பந்தக்காரருடையது. வேலை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகும். இத்தனை அழுத்தங்களும் ஒருபுறம் இருக்க, எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாத ஒன்றை ஒருவர் எழுதுகிறார். மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சி பெரும்பாலும் இந்த ஏடுதான்.

ஏட்டைப் பராமரிப்பது பொறியாளரின் நல்லெண்ணத்தைச் சார்ந்ததும் அன்று. எந்த வரிசையில் பைல்கள் வார்க்கப்பட்டன, ஒவ்வொன்றின் அளவும் கம்பியும் ஆழமும் என்ன, துளையிடவும் கான்கிரீட் இடவும் ஆன நேரம், இடையில் வீணான நேரம், கரைசலின் அடர்த்தி ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று ஐ.எஸ். 2911 கேட்கிறது. வீணான நேரத்தையும் பதியச் சொல்லியிருப்பதை நாங்கள் வியந்து பாராட்டினோம். எழுதியவர்கள் இரவில் வண்டிக்குக் காத்திருந்து பழகியவர்களாக இருக்க வேண்டும்.

ஏட்டை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. சுமைச் சோதனை இருக்கிறது. ஒரு பைலுக்கு 100 டன் சுமை என்று வடிவமைத்தால், கட்டடத்துக்குப் பயன்படாத தனிச் சோதனைப் பைல் ஒன்றை வார்த்து 250 டன் வரை ஏற்றிப் பார்க்கலாம். பிறகு கட்டடத்தைத் தாங்கவிருக்கும் பைல்களிலேயே சிலவற்றைத் தேர்ந்து 150 டன் ஏற்றுகிறார்கள். அப்போது பைல் 12 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. மணல் மூட்டைகளையோ கான்கிரீட் கட்டைகளையோ மேடைமேல் மலைபோல் அடுக்கி, அதற்கும் பைலுக்கும் நடுவே ஜாக்கியை வைத்து அழுத்துவார்கள். மனையில் பார்க்கத் தகுந்த காட்சி இது ஒன்றே. ஆனால் இச்சோதனைக்கு உள்ளாக வேண்டியவை மொத்தப் பைல்களில் குறைந்தது அரை சதவீதம்; தேவையானால் இரண்டு சதவீதம் வரை. இருநூறு பைல்களில் ஒன்றைச் சோதித்தாலும் விதி நிறைவேறிவிடும்.

மற்றவற்றைச் சிறு சுத்தியல் ஒன்றால் சோதிக்கிறார்கள். பைலின் தலையில் ஓர் உணர்கருவியை ஒட்டி, சுத்தியலால் ஒரு தட்டு. ஒலியலை நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் கீழே சென்று, அடிமுனையில் மோதித் திரும்புகிறது. 25 மீட்டர் பைலில் அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் எண்பதில் ஒரு பங்கு. அதற்கு முன்பே எதிரொலி வந்தால் நடுவில் ஏதோ முறிவு உண்டு. செலவு குறைவு; ஒரே நாளில் பல பைல்களைத் தட்டிவிடலாம். ஆயினும் இது எல்லாவற்றையும் சொல்லாது. பெரிய குறை ஒன்றிருந்தால் அதற்குக் கீழே உள்ளதை அலை காட்டாது. நீண்ட பைலின் அடிமுனை எதிரொலி மண்ணிலேயே தேய்ந்து போவதும் உண்டு. பைல் எத்தனை டன் தாங்கும் என்பதை இந்தச் சோதனையிடம் கேட்கவே கூடாது.

பைல் நன்றாக இருந்தும் கட்டடம் சாயலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த பூஜ் நிலநடுக்கத்தில், காண்ட்லா துறைமுகத்தின் 22 மீட்டர் உயர அலுவலகக் கோபுரம் விழவில்லை. உச்சியில் சுமார் 30 சென்டிமீட்டர் சாய்ந்து நின்றது. அதன் கீழே 18 மீட்டர் நீளத்தில் 32 பைல்கள் இருந்தன. அவை ஏறத்தாழ 10 மீட்டர் களிமண்ணைக் கடந்து மணல் அடுக்கில் நின்றன. நிலநடுக்கத்தில் அந்த மணல் நீரோடு சேர்ந்து குழம்பாகிவிட்டது. கேள்வி எப்போதும் மண்ணிடமிருந்தே தொடங்குகிறது. கொல்கத்தாவுக்கும் இது பொருந்தும். சால்ட் லேக் எனும் பிதான்நகர், 1960-களில் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கியது. அத்தகைய நிலத்தில் மேலே கொட்டிய மண்ணின் எடையால் அடியிலுள்ள களிமண் மெல்ல மெல்ல அமிழ்கிறது. அமிழும்போது பைலையும் பிடித்துக் கீழே இழுக்கிறது. தாங்கிப் பிடிக்க வேண்டிய மண்ணே சுமையாகிவிடும் விந்தை அது. வடிவமைப்பவர் இதற்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தனிவீடு கட்டும் வாசகர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். கரிசல் மண்ணில் வீடு கட்டுவோருக்கென்று, ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ்போல் விரிந்த குட்டையான பைல்களை வளர்த்தெடுத்தது. கையால் சுழற்றும் துளைப்பானைக் கொண்டே சில மீட்டர் ஆழத்தில் அமைத்துவிடலாம். அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

வாசகருக்கு நாங்கள் எழுதிய பதில் இதுதான். மண் ஆய்வு அறிக்கை, பைல் பதிவேட்டின் உங்கள் கட்டடத்துக்குரிய பக்கங்கள், சுமைச் சோதனையின் முடிவு, சுத்தியல் சோதனையின் முடிவு ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, அனுமதிக்கப்பட்ட வரைபடங்களையும் விவரக்குறிப்புகளையும் பெறும் உரிமையை வீடு வாங்குபவருக்குத் தருகிறது. பைல் பதிவேடு என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் கேட்பதைத் தடுக்கவும் இல்லை. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை ஏதும் தெரியவந்து சுட்டிக்காட்டினால், முப்பது நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பை அதே சட்டம் கட்டுமான நிறுவனத்தின் மேல் வைத்திருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் குறை ஐந்து ஆண்டுக்குள் தன்னைக் காட்டிக்கொள்ளும் என்பதற்கு உறுதி ஏது? நகல்களை இப்போதே வாங்கி, கடன் பத்திரங்களோடு பத்திரப்படுத்துவது நல்லது. உங்களுக்குப் புரியவில்லையென்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குச் சிறு கட்டணம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். நிராகரிக்கப்பட்ட பைல் ஒன்று ஏட்டில் இருந்தால் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதற்கு ஈடாக என்ன செய்தார்கள் என்று கேட்டால் போதும். பல நூறு பைல்களில் ஒன்றுகூடத் தடங்கலின்றி வார்க்கப்பட்டதாக, எல்லாப் பக்கமும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதப்பட்டிருந்தால் அதைத்தான் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. முதலில் மறுத்த நிறுவனம், எழுத்து மூலம் கேட்டபின் நகல்களைத் தந்திருக்கிறது. அவர் வீடு அமையும் பகுதிக்குக் கீழே நாற்பத்திரண்டு பைல்கள். அவற்றில் ஒன்றின் எதிரே, கான்கிரீட் 40 நிமிடம் தாமதம் என்ற குறிப்பும், அந்தப் பைலுக்கு மட்டும் இருமுறை சுத்தியல் சோதனை செய்த வரைகோடுகளும் இருந்தன. தமக்குத் தெரிந்த பொறியாளரிடம் காட்டி, குறையில்லை என்று கேட்டறிந்த மறுநாள் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டாராம். பைல் எண்ணையும் எழுதியிருந்தார்: 117.